தெளிஞ்ச தண்ணி

மணமகன் அறைக்குள் போன அப்பா இன்னும் வெளியே வரவில்லை. கதவைப் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் கோகிலவாணி. தேக்கு நிறத்தில் பெயின்ட் அடித்த கதவு, அதன் நெற்றியில் சிவப்பு எழுத்தில் மணமகன் அறை, எதிர்ச்சுவரில் அதே போல இன்னொரு கதவு, அதில் மணமகள் அறை. ஆண்கள் பெண்கள் என்று போர்டு எழுதி மாட்டுகிற வேலை மிச்சம் என்று காலையில் அவளே சொல்லிச் சிரித்தாள், இப்போது நினைத்தால் அது வேறு யாரோ சிரித்த சிரிப்பு மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை, பஞ்சாயத்து ஆபீஸ் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, அதனால் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து இந்தக் கல்யாண மண்டபத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். போன கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகளை மேடையிலிருந்து யாரும் கழற்றவில்லை, தினேஷில் தி உதிர்ந்துபோய் மாப்பிள்ளை வெறும் னேஷாக நின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் கீழே மேஜை, மேஜைக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டி. வெள்ளியம்பாளையத்து ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து பெயரைச் சொல்லி, மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் புட்டியை வாங்கிக்கொண்டு, மொய் வைக்க வந்தவர்கள் மாதிரி ஒரு கூச்சத்தோடு அந்தந்த அறைக்குள் போய், மூத்திரம் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவள் அதில் ஒரு சோதனைத் தாளை முக்குவாள். தாளின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கட்டம் இருக்கும், மூத்திரத்தில் ரத்தம் கலந்திருந்தால் அது பச்சையாகும், கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தமானாலும் பச்சையாகும். பச்சையானவர்களை மேற்கொண்டு சோதித்தால்தான் மூத்திரப்பையில் புற்று இருக்கிறதா இல்லையா என்று தெரியும். சாயப்பட்டறைகள் ஓடிய இந்த ஆற்றங்கரை ஊர்களில் மூத்திரப்பைப் புற்று மற்ற ஊர்களைவிட அதிகமா, அதிகமென்றால் அது பட்டறைச் சாயத்தாலா, அந்தச் சாயத்தண்ணீர் இறங்கிய கிணறுகளாலா, இதுதான் அவளுடைய ஆராய்ச்சி, இதற்காகத்தான் பல்கலைக்கழகத்தில் கண்ணில் பட்டவர்களோடெல்லாம் மல்லுக்கு நின்றாள். ஆனால் மஞ்சள், மஞ்சள், மஞ்சள். ஊர் ஊராக முகாம் போட்டு வாங்கிய புட்டிகளில் அங்கொன்றும் இங்கொன்றும் பச்சை, அதுவும் சாயத்தையே பார்த்திராத ஊரில் எடுத்தாலும் இருக்கிற அளவுக்குத்தான். இன்றைக்குக் கடைசி முகாம். கதவு திறக்கவில்லை. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.

வயசானால் நேரமாகத்தான் செய்யும், சொட்டுச் சொட்டாக வரும், அவசரப்படுத்தினால் அதுவும் வராது, இதெல்லாம் அவளுக்குத் தெரியும். காலையில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வரும்போதுகூட, "நான் எதுக்கு கண்ணு, எனக்கென்ன, கல்லுக்குண்டாட்ட இருக்கறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். அவளுடைய அப்பா சென்னியப்பன் மீசை முளைக்கும் முன்பே பட்டறைக்குப் போனவர், தொட்டிக்குள் இடுப்பளவு சாயத்தில் நின்று நூல் கட்டுகளைப் புரட்டிப்போட்டவர், கோர்ட்டு உத்தரவில் பட்டறைகளை மூடிய பிறகு ஒரு நூல் குடோனில் பகல் வாட்ச்மேனாக உட்கார்ந்துவிட்டவர். இவரை விட்டுவிட்டு யாரிடம் போய் மூத்திரம் கேட்பது? ஊரெல்லாம் கேட்கிறாள், சொந்த அப்பனிடம் கேட்கவில்லை என்று நாளைக்கு ஒரு வார்த்தை வரக் கூடாது, அதற்காகத்தான் நச்சரித்துக் கூட்டி வந்தாள், அதற்காக மட்டும்தான். வெளுத்த வேட்டி, தேய்த்த சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. "மூத்திரம் குடுக்கறதுக்கு எதுக்குப்பா இத்தனை அலங்காரம்?" என்றதற்கு, "மண்டபத்துக்கு வாரோம், நாலு பேரு இருப்பாங்கல்ல" என்றார். வந்ததிலிருந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, குழாயிலிருந்து பாட்டிலில் பிடித்துப் பிடித்துத் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். எத்தனை பொறுப்பாக இருக்கிறார் பார், தண்ணீர் குடித்தால்தானே வரும் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது பீட்ரூட் ஞாபகம் வரவில்லை. இப்போது ஏன் வருகிறது? போன தடவை ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தபோது, பொழுது விடிகிற நேரம், கக்கூஸின் வெள்ளைப் பீங்கானில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. தண்ணீர் ஊற்றிய பிறகும் ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றது. பீட்ரூட் என்று நினைத்தாள். உடனே நினைத்தாள், யோசிக்கவே யோசிக்காமல் நினைத்தாள், ஒரு மக் தண்ணீரை எடுத்து அடித்து ஊற்றிவிட்டுப் பல் விளக்கப் போய்விட்டாள். அந்த வேகம்தான் இப்போது உறுத்துகிறது. அந்த வாரம் வீட்டில் பீட்ரூட் பொரியல் உண்டா? அம்மா செய்தது கத்தரிக்காய், தட்டைப்பயறு, ஒரு நாள் முள்ளங்கி. முள்ளங்கியில் சிவப்பு முள்ளங்கி என்று ஒன்று இருக்கிறது. இருக்கிறதா, இல்லையா? யாரிடம் இப்போது முள்ளங்கியைப் பற்றி விசாரிப்பது, சீ, என்ன புத்தி இது, ஒரு கதவு திறக்க நேரமானால் மார்க்கெட் முழுக்க மனசு சுற்றிவிட்டு வருகிறது.

சாயங்காலம் ரிப்போர்ட் போகிறது. சாயங்காலம் என்கிற வார்த்தைக்குள்ளேயே சாயம் இருக்கிறது என்பது இத்தனை வருசம் கண்ணில் படவேயில்லை. மூடிய பட்டறைகளை மறுபடி திறந்துவிடலாமா என்று முடிவு பண்ணப்போகிற கமிட்டிக்கு இடைக்கால அறிக்கை, அதில் அவளுடைய வழிகாட்டி இன்பசேகரன் சார் எழுதி வைத்திருக்கிற கடைசி வாக்கியம் அவளுக்கு மனப்பாடம். ‘சாயத்தொழிலுக்கும் நோய்க்கும் இடையே தொடர்பு நிறுவப்படவில்லை.’ நிறுவப்படவில்லை. யாரால்? செய்தவர் எங்கே போனார்? செயப்பாட்டு வினையில் எழுதிவிட்டால் யார் தலையிலும் பாரம் ஏறாது, கிணறு மாசுபட்டது, மீன்கள் செத்து மிதந்தன, தொடர்பு நிறுவப்படவில்லை, எல்லாம் தன்னால் நடந்தது. அவள் இதைச் சொன்னபோது அவர் டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டே, "இலக்கணம் அப்புறம் பார்க்கலாம் வாணி, நெகட்டிவ்னாலும் அதுவும் ஒரு ரிசல்ட்தாம்மா" என்றார். கெட்ட மனுசர் இல்லை, அதுதான் எரிச்சலே, கெட்டவராக இருந்தால் சண்டை போடச் சுலபம். இவர் நியாயமாகப் பேசுவார். "அந்த ஊர்ல ஆம்பளைங்க எல்லாரும் பீடி குடிக்கறாங்க, பீடியாலயும் இந்தப் புற்று வரும், அதைப் பிரிச்சுக் காட்டாம நீ சாயத்தைச் சொல்ல முடியாது." பீடி, எதற்கெடுத்தாலும் பீடி. வரும், பீடியால் வரும், அவள் எங்கே இல்லை என்றாள்? பீடியைக் கையால் தொடாத பொம்பளைகளுக்கு எதனால் வருகிறது என்றுதானே கேட்டாள். நாச்சிமுத்து மாமனுக்கு எதனால் வந்தது? அம்மாவின் தம்பி, அப்பாவோடு ஒரே தொட்டியில் நின்றவர், பீடியில்லை, வெற்றிலையில்லை, டீக்குக்கூடச் சர்க்கரை போடாத மனுசர். அடிவயிற்றைக் கிழித்துப் பையை எடுத்துவிட்டு வெளியே ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு அனுப்பினார்கள், அதைத் துண்டால் மூடிக்கொண்டு தோட்டத்துப் பக்கமாகவே நடந்துகொண்டிருந்து செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, பீடி குடிப்பீங்களா. இரண்டாவது கேள்வி, எத்தனை கட்டு. என்ன வேலை பார்த்தீங்க என்று ஒரு மனுசன் கேட்கவில்லை. கூட நின்றுகொண்டிருந்த பன்னிரண்டாம் வகுப்புக் கோகிலவாணிக்கு அந்த இடத்தில் கேட்கப்படாமல் போன கேள்வி தொண்டையில் முள்ளாக நின்றது, இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

அதனால் அவளுக்குப் பச்சை வேண்டும். சொல்லவே கூசுகிறது, ஆனால் இத்தனை மாசமாக ஒவ்வொரு தாளையும் முக்கும்போதும் பச்சையாகு, பச்சையாகு என்றுதான் உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவருக்கு நோய் வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஜென்மம். இல்லை, நோயை வேண்டவில்லை, இருக்கிற நோய் தெரியட்டும் என்றுதான் வேண்டினாள். இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? தெரியும். அப்படியானால் சோதனை எதற்கு? இதே கேள்வியை இன்பசேகரன் சார் கேட்டால் ஒரு மணி நேரம் பேசியிருப்பாள், தனக்குத்தானே கேட்டுக்கொண்டால் வாய் அடைத்துப்போகிறது. சரி, பச்சையாகட்டும், வேறு யாருடையதாவது ஆகட்டும். இந்தக் கதவுக்குள் இருக்கிற புட்டி மட்டும் மஞ்சளாக இருக்கட்டும். அடி ஆத்தா, எத்தனை சுலபமாக வந்துவிட்டது அந்த வேறு யாருடையதாவது. அந்த வேறு யாரோ இதோ வரிசையில் நிற்கிறார்கள். அறைக்கு வெளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற ஒருவர், "ஏனுங், மாப்பிள்ளை இன்னும் அலங்காரம் பண்ணிட்டிருக்காருங்களா? முகூர்த்தம் தப்பிப் போயிருமாட்ட இருக்குது" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர், "பொண்ணு புடிக்கலையோ என்னமோ, ஜன்னல் வழியா ஓடிப்போயிட்டாரான்னு பாருங்" என்றார். சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், உதடு காய்ந்து பல்லில் ஒட்டியது. உள்ளே குழாய் திறந்து மூடியது. ஒரு ஆள் மூத்திரம் போவதற்கு எத்தனை தடவை குழாயைத் திறப்பார்?

மணமகள் அறையிலிருந்து மாராத்தாள் வந்தாள். தெற்குவளவுக்காரி, அப்பா வேலை பார்த்த பட்டறையிலேயே நூல் அலசுகிற வேலை பார்த்தவள், கணுக்காலுக்குக் கீழே தோல் இன்றைக்கும் சாம்பல் பூத்தது போல இருக்கும். புட்டியை இரண்டு விரலால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, "நல்லாப் பாத்துக்கோ அம்மணி, கண்ணாடியாட்ட இருக்குது. சர்பத்துக் கடையில குடுத்தா எலுமிச்சம்பழம் புழிஞ்சு வித்துப்போடுவான்" என்றாள். கோகிலவாணி வாங்கித் தாளை முக்கினாள், மஞ்சள், மஞ்சளேதான். ஏதாவது பேசினால் கதவைப் பார்க்காமல் இருக்கலாம் என்பதற்காக, "போன வாரம் பக்கத்து ஊர்ல முகாம் போட்டப்பவே வந்திருக்கலாமேக்கா, வர்றேன்னு சொல்லிட்டு வரவேயில்லை" என்று கேட்டாள். "போன வாரம் தெளியலையே கண்ணு." "என்னது தெளியலை?" மாராத்தாள் அவளை வேடிக்கையாகப் பார்த்தாள். "ஏனம்மணி, நீதான மைக்குல சொன்னே, மொதல்ல வர்றதை உட்டுப்போட்டு அப்புறம் வர்றதைப் புடிங்கன்னு. அதைத்தான எல்லாரும் பண்றோம். எங்களுக்குத் தெரியாததா, அலசற வேலை பாத்த கைதான? இளநி குடிச்சு, பார்லித் தண்ணி குடிச்சு, முந்தாநேத்துதான் நல்லாத் தெளிஞ்சுது. சாயம் எறங்குற அன்னிக்கே கொண்டாந்து நீட்டுனா நல்லாவா இருக்கும்? மொத அலசுத் தண்ணியவா ஒருத்தருகிட்டக் காட்டுவாங்க?" கோகிலவாணி தாளைக் கீழே வைத்தாள். "சாயம்னா... ரத்தமாக்கா?" "ச்சீ, வாயக் கழுவு. ரத்தம் எதுக்கு வருது? வலியா ஒண்ணா? சாயம் கண்ணு, ஒடம்புல ஊறுனது எறங்குது. செவசெவன்னு போகும், நாலஞ்சு நாள்ல தானாத் தெளிஞ்சுக்கும், அப்புறம் எப்பவோ ஒருக்கா வரும். பட்டறையில நின்னவிய எல்லாருக்கும் இருக்கறதுதான? நீ சென்னியப்பண்ணன் மகதான, உனக்குத் தெரியாதா?"

உனக்குத் தெரியாதா. வலியில்லாமல் சிவப்பாகப் போகும், தானாக நிற்கும், மறுபடி வரும், இதுதான் அந்த நோயின் முதல் அறிகுறி என்று கருத்தரங்கில் மேடையேறிச் சொன்னவள் அவள். மூத்திரம் வாங்குவதற்கு உலகம் முழுக்கச் சொல்கிற அதே வழிமுறையைத்தான் சொன்னாள், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள், வேறு அழுக்கு கலந்துவிடாமல் இருப்பதற்காகச் சொல்வது. வேறு ஊர் என்றால் ஒரு நொடி விட்டுவிட்டுப் பிடித்திருப்பார்கள். இவர்கள் அலசுகிறவர்கள். சாயம் ஏற்றிய நூலை ஒரு தண்ணி, இரண்டாம் தண்ணி, மூன்றாம் தண்ணி என்று விட்டுவிட்டு, தண்ணீர் தெளிந்து போன பிறகுதான் வேலை முடிந்தது என்று கரையேறுகிறவர்கள், கலங்கிய தண்ணீரோடு நூலைக் கொடுத்தால் முதலாளி மூஞ்சியில் வீசுவான் என்று தெரிந்தவர்கள். அவர்களிடம் போய் முதலில் வருவதை விட்டுவிடு என்றால் எது வரைக்கும் விடுவார்கள்? தெளிகிற வரைக்கும். ஒரு நாளானாலும் சரி, ஒரு வாரமானாலும் சரி. அவர்களும் அவளுக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று இளநீர் வெட்டிக் குடித்துக் காத்திருந்து, தெளிந்ததைக் கொண்டுவந்து நீட்டினார்கள், அவள் ஐஸில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோனாள். அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் கேட்ட கேள்வி, ‘சிறுநீரில் இரத்தம் கலந்து வெளியேறியதுண்டா?’ அய்யோ ரத்தமெல்லாம் இல்லீங் என்று அத்தனை பேரும் சொன்னார்கள், சத்தியமாகத்தான் சொன்னார்கள். தமிழில்தான் கேட்டாள். எந்த ஊர்த் தமிழ்? அவள் வீட்டுத் தமிழில் அதற்கு வேறு பேர் இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள், "வாணி, உங்கப்பனுக்கு இன்னைக்குச் சாயம் எறங்குதாம், ஓடிப்போயி ரெண்டு இளநி வாங்கிட்டு வா." முழங்கை வரை நீலமோ சிவப்போ ஏறிய கைகளோடு அப்பா வாசலில் உட்கார்ந்திருப்பார், விளக்கெண்ணெய் தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும். "ஏம்ப்பா, சிவப்பு ஓட்டுனீங்களா?" என்று கேட்பாள், "ஆமா கண்ணு, இன்னைக்கு ரெட்டு, நாளைக்குப் பச்சை ஓட்டுனா பச்சையாப் போவேன், பாரேன்" என்பார், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள், நாச்சிமுத்து மாமனும் கூடவே சிரிப்பார். சாயம் இறங்குகிறது. காய்ச்சல் இறங்குகிறது, பாரம் இறங்குகிறது, சாயம் இறங்குகிறது, எத்தனை நல்ல வார்த்தை, கெட்டது உடம்பை விட்டுப் போகிறது என்று அர்த்தம், அதனால்தான் யாரும் பயப்படவில்லை. ஆனால் பட்டறையை மூடி வருசக்கணக்காகிறது. இன்னும் எந்தச் சாயம் இறங்குகிறது? வெள்ளைப் பீங்கானில் அந்த ரோஸ் கோடு எந்தச் சாயம்? பீட்ரூட். பீட்ரூட்டை அப்பா தொட மாட்டார். தொட்டியில பாக்கறது பத்தாதா, தட்டுலயும் வேணுமா என்று எந்தக் காலத்திலோ சொல்லிவிட்டார், அதற்கப்புறம் அந்த வீட்டில் பீட்ரூட் வாங்கியதே இல்லை. இது அவளுக்குத் தெரியும். அந்தக் காலையிலும் தெரியும்.

போன் அடித்தது. இன்பசேகரன் சார். "என்னம்மா, முடிஞ்சுதா? ரிப்போர்ட்டை அனுப்பிடலாமா?" "அனுப்பாதீங்க சார்." "கடைசி நேரத்துல என்ன வாணி?" "எல்லாமே அலசிக் குடுத்தது சார்." "அலசி? பாட்டிலைக் கழுவிட்டாங்களா?" "பாட்டிலை இல்லை சார். அவங்களையே." எழுந்து ஜன்னல் பக்கமாகப் போய், குரலைத் தாழ்த்தி, மூச்சு முட்ட முட்டச் சொன்னாள், சாயம் என்கிற வார்த்தையை, தெளிகிற வரைக்கும் காத்திருந்ததை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் குறுக்கே பேசாதது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. "வாணி, நீ சொல்றது சரியா இருக்கலாம். சரின்னுதான் எனக்கும் தோணுது. ஆனா ஒரு அம்மா இப்படிச் சொன்னாங்கன்னு கமிட்டிக்கு நான் எழுத முடியாது. பீடின்னு ஒருத்தன் ஆரம்பிப்பான், கதைன்னு இன்னொருத்தன் சொல்லுவான். ஒரு சாம்பிள் காட்டு. ஒண்ணே ஒண்ணு போதும், தெளியறதுக்கு முந்தி எடுத்தது. முறையில கோளாறுன்னு எழுதி நானே நிறுத்தி வைக்கறேன், எல்லாத்தையும் மறுபடி எடுக்கலாம். இருக்கா?" அவள் திரும்பி மண்டபத்தைப் பார்த்தாள். மேஜையில் வரிசையாகப் புட்டிகள், ஒவ்வொன்றும் கண்ணாடி. தெளியாதவர்கள் இன்றைக்கு வரவே மாட்டார்கள், வீட்டில் இளநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். மகள் நச்சரித்தாள் என்பதற்காக வந்த ஒருவரைத் தவிர. "இருக்கான்னு பார்க்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

விட்டுவிடலாம். அவர் பாட்டுக்குத் தெளிய வைத்துக்கொண்டு வரட்டும், வந்து சிரித்துக்கொண்டே நீட்டுவார், தாள் மஞ்சளாக இருக்கும், மஞ்சள் என்று எழுதிவிடலாம், எழுதிய பிறகு அது மஞ்சள்தான். நாளைக்கு, இல்லை திங்கட்கிழமை, சும்மா ஒரு செக்கப் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், அப்பாவுக்கு ஒரு குறையும் வராது. அப்பாவுக்கு வராது. மாராத்தாளுக்கு? அவள் அதற்குள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு யாரையோ கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாள். தெளிந்துவிட்டதல்லவா, இனி என்ன. சொந்த அப்பாவின் நோயை மேஜையில் சாட்சியாக வைத்து வழக்கு ஜெயிக்கிற மகள் என்று ஒரு குரல், அப்பாவை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஊரைத் தெளிந்த தண்ணியில் விட்டவள் என்று இன்னொரு குரல், இரண்டும் அவள் குரல்தான், பல்கலைக்கழகத்துப் பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் ஜெயிக்கிற அதே குரல். நடுவர் நாற்காலியில் யாரும் இல்லை. ஒருவேளை மூட்டு வலியில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் நேரமாகிறதோ என்னமோ, ஒருவேளை ஒன்றுமே இல்லையோ என்னமோ. தண்ணீர்ச் சத்தம். நின்றது. பாட்டிலிலிருந்து தண்ணீர் குடிக்கிற சத்தம்கூடக் கேட்பது போல இருந்தது, மடக் மடக் என்று, தொண்டையெலும்பு ஏறி இறங்குவது தெரிவது போல. வேட்டியை மடித்துக் கட்டியவர், "நான் வேண்ணா தட்டட்டுங்களா அம்மணி?" என்றார். "வேண்டாங், நானே தட்டறேன்" என்று எழுந்துபோனாள்.

விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினாள். "ப்பா." உள்ளே குழாய் மூடியது. "இரு கண்ணு," என்றது அப்பாவின் குரல், கதவுக்கு ரொம்பப் பக்கத்தில், தணிந்து. "இன்னம் தெளியலை." பெயின்ட் வாசனை அடிக்கிற கதவில் அவள் நெற்றியை வைத்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளைக் கிண்டல் பண்ணியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவருக்கும் தெரிந்திருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "எத்தனை நாளாங்ப்பா?" உள்ளே பாட்டிலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அது வந்து போயிட்டிருக்குது கண்ணு. இன்னைக்குன்னு பாத்து எறங்குது. நேத்தெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் பொறுத்துக்கோ, இன்னும் ஒரு பாட்டலு தண்ணி குடிச்சா சரியாப் போயிரும்." "தெளிய வேண்டாங்ப்பா. இருக்கறதைக் குடுங்க." "நல்லாருக்காது கண்ணு. அத்தனை பேருது நடுவால, உன்ற மேசையில கொண்டாந்து வெக்கோணும். என்ற மக கேக்கறான்னு நல்லதாக் குடுக்க வேண்டாமா?" நல்லதாகக் கொடுக்க. எல்லோரும் நல்லதாகத்தான் கொடுத்தார்கள். புற்று, மாதிரி, அறிகுறி, பரிசோதனை, படித்த வார்த்தை ஒன்றாவது இந்தக் கதவைத் தாண்டி உள்ளே போகாது. கதவில் வாயை வைத்துச் சொன்னாள், "எனக்கு மொதத் தண்ணிதாம்ப்பா வேணும். அலசாதது."

நேரம் போனது. மேடைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் விலகியது, கதவு ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறந்தது, கை வந்தது. பட்டறையை விட்டு இத்தனை வருசமாகியும் நகக்கண்ணில் நீலம் மிச்சமிருக்கிற கை. புட்டியைத் துண்டில் சுற்றி, மற்றவர்கள் கண்ணில் படாமல், தேங்காய் பழம் கொடுப்பது போல உள்ளங்கையில் வைத்து நீட்டியது. வாங்கினாள். துண்டையும் மீறிச் சூடாக இருந்தது, அப்பாவின் உடம்புச் சூடு. அங்கேயே, கதவுக்கும் தன் முதுகுக்கும் நடுவில், துண்டைப் பிரித்தாள். தாளை முக்கிப் பார்க்கிற வேலையில்லை. கடைசி நூல் கட்டையும் முக்கி எடுத்த பிறகு தொட்டியின் அடியில் நிற்கிற தண்ணீர் எந்த நிறத்தில் இருக்குமோ அந்த நிறம். கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. திருநீறு வியர்வையில் கரைந்து இறங்கியிருக்க, வெளுத்த வேட்டியைக் கையால் சரிபண்ணிக்கொண்டு அப்பா நின்றார். புட்டியைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தார். நெருப்பை விட்டுத் தள்ளி நின்று சூடு பார்க்கிறவர் போலக் கேட்டார், "சாயந்தான கண்ணு?"

மாடு சிவப்பு என்று யாராவது சொன்னால்கூட எந்த மாடு என்று கேட்கிற வாய் என்று அம்மா திட்டுவாள். அந்த வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. புட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், சூடு அவள் கைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"ஆமாங்ப்பா," என்றாள். "சாயந்தான்."